தெருவெல்லாம் கிராம்பு வாசம்

அந்த அண்ணாச்சி நாசமாய்ப் போக வேண்டும் என்று நான் ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை. நாசமாய்ப் போகும்போது நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். அதற்கு முன்னால் இன்னொன்றும் நடக்க வேண்டும். நாலு பேர் நடுவில், அவர் வாயாலேயே, "இது டீச்சர் செஞ்ச பேப்பர்" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். அந்த ஒரு பேச்சைக் கேட்பதற்காக ஒரு சாரல் காலம் முழுக்க வயிறெரிந்து காத்துக் கிடந்தேன்.

அண்ணாச்சிக்குக் குற்றாலத்தில், பேரருவிக்குப் போகிற வழியில், பலகாரக் கடை. நேந்திரங்காய்ச் சிப்ஸ், அல்வா, முந்திரிக்கொத்து எல்லாம் உண்டு என்றாலும் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது தேங்காய் பர்பிதான். அருவியில் குளித்துவிட்டுத் தலையைக்கூடத் துவட்டாமல் வந்து வாங்குவார்கள். ஆனால் சாரல் காலத்தில் எங்கள் பக்கம் எதுதான் பூசணம் பிடிக்காமல் இருக்கிறது? செருப்பு, பெல்ட், பீரோவில் மடித்து வைத்த பட்டுப் புடவை, சாமி படத்தின் பின்பக்கம், ஒன்று பாக்கி இருக்காது. தேங்காய் பர்பி எம்மாத்திரம்? வாங்கினவர்கள் ஊர் போய்ச் சேர்ந்து, நாலு வீட்டுக்குப் பங்கு வைப்பதற்குள் பச்சை பூத்துவிடும். மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் போன் போட்டுத் திட்டுவார்கள்.

நான் அப்போதுதான் தென்காசிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்திக்கொண்டிருந்த வேலையை விட்டிருந்தேன். விட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. நிர்வாகத்தோடு வாய்ச்சண்டை, என் வாய் கொஞ்சம் நீளம். இலஞ்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. கல்லூரி லேபில் மாணவிகளோடு விளையாட்டுப்போல ஆரம்பித்த ஒரு வேலையை அங்கே உட்கார்ந்து முழுநேரமும் செய்ய ஆரம்பித்தேன்.

பலகாரம் சுற்றுகிற காகிதம். பூசணத்தை அண்டவிடாத காகிதம். மரச்சீனிக் கிழங்கு மாவில் கஞ்சி காய்ச்சி, மங்குஸ்தான் பழத்தின் தடித்த தோலை, அதாவது தோட்டை, ஊறவைத்து இறக்கிய சாற்றை அதில் சேர்த்து, விரல் பொறுக்கிற அளவுக்குக் கஞ்சி ஆறினதும் கிராம்பு எண்ணெய் விட்டு அடித்து, காகிதத்தின் ஒரு பக்கம் மட்டும் மெல்லிசாகப் பூசுவேன். பிறகு கொட்டகையை மூடி, நிழலிலேயே கொடியில் உலர்த்துவேன். தோட்டுச் சாறு சில கிருமிகளைப் பார்த்துக்கொள்ளும். பூசணத்தை விரட்டுவது கிராம்பு எண்ணெயின் ஆவி. பொட்டலத்துக்குள் அந்த ஆவி அடைந்து கிடக்கிறவரைக்கும் பூசணம் தலைகாட்டாது. பர்பியில் லேசாகக் கிராம்பு மணக்கும். ஏலக்காயோடு சேர்ந்து அது நன்றாகவே இருக்கும்.

கிராம்பும் மங்குஸ்தானும் எங்கள் மலைத் தோட்டங்களிலேயே விளைகிறவை. சீசனில் பழக்கடைகளின் முன்னால் மங்குஸ்தான் தோடு காலில் மிதிபடக் கிடக்கும். சாக்கில் அள்ளி வந்து, நறுக்கிக் காயவைத்து டின்னில் அடைத்துவிடுவேன். அடுத்த வருஷம் சித்திரை, வைகாசியில், சாரல் எட்டிப் பார்ப்பதற்கு முன்னால், காகித வேலையை முடித்துவிடுவேன். அந்தத் தோட்டின் கறை பொல்லாதது. சீசன் முழுக்க என் இரண்டு கையும் கருஞ்சிவப்பாக இருக்கும். எந்தச் சோப்புக்கும் அசையாது.

ஒருநாள் அண்ணாச்சி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவருடைய மகள் கல்லூரியில் என்னிடம் படித்தவள். லேபில் இந்தக் காகிதத்தை முதன்முதலில் பூசிப் பார்த்த பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. அவள்தான் அப்பாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"டீச்சர், எம் மானத்தைக் காப்பாத்துங்க. பர்பியப் பாத்தாலே எனக்குப் பக்குன்னு இருக்கு."

ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தேன். கொட்டுகிற சாரலில் வைத்துப் பார்த்தார். பர்பி சமர்த்தாக இருந்தது. அடுத்த தடவை வரும்போது அல்வாவும் பூவும் பழமுமாக, சம்பந்தம் பேச வருகிறவர் மாதிரி வந்தார். கூடவே அவருடைய மச்சினனும் வந்திருந்தான்.

"வாயில போடுத சாமானைச் சுத்துத பேப்பர் டீச்சர். உள்ள என்னத்தச் சேக்குதியன்னு நான் கண்ணால பாக்கணும்லா? நாளைக்கு யாரும் கேட்டா என்ன சொல்லுதது?"

நியாயமாகத்தான் பட்டது. கஞ்சி காய்ச்சுவதிலிருந்து கொடியில் போடுவதுவரை செய்து காட்டினேன். மச்சினன் போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டே வந்தான். டீச்சர் வேலை பார்த்த புத்தி. ஒருத்தன் கவனிக்கிறான் என்றால் எனக்கு உற்சாகம் தாங்காது. "நிழல்லதான் காயணும் அண்ணாச்சி. சூடு காட்டப்படாது" என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன். பதிலுக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்று. பெட்டியின் ஓரத்தில், இலஞ்சியில் இன்னார் செய்த காகிதம் என்று ஒரு வரி போட வேண்டும்.

"ஒரு வரி என்ன டீச்சர், கொட்டை எழுத்துலயே போட்டுருவோம்!"

கொட்டை எழுத்தில்தான் போட்டார். அடுத்த வருஷம் ஆனி மாதம் சாரல் விழுந்ததும் கடையில் புதுப் பெட்டி வந்தது. அட்டையில் அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற படம். பக்கத்தில், "இயற்கை மூலிகைக் காகிதம். எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு." நான் போன் செய்தேன், எடுக்கவில்லை. கடைக்குப் போனேன். வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். உள்ளே அவருடைய இருமல் சத்தம் கேட்டது.

அந்த மாதமே வியாபாரிகள் கூட்டம் ஒன்றில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் சும்மா இருப்பேனா? போய் உட்கார்ந்தேன். மேடையில் நின்று பல வருஷ ஆராய்ச்சி என்றார். தூக்கம் கெட்டுக் கண்டுபிடித்தேன் என்றார். பேச்சின் நடுவே என்னைப் பார்த்துவிட்டார். ஒரு நொடி முழித்தவர், சட்டென்று சிரித்துக்கொண்டு கையை நீட்டினார்.

"அந்தா இருக்காங்கல்லா, நம்ம டீச்சர். அவங்களும் நமக்கு ஒத்தாசைதான். சீசன்ல தோடு பொறுக்குவாங்க. எம்.எஸ்சி. படிச்சவங்க!"

கூட்டம் சிரித்தது. நான் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு எரிகிறது. பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்கிற எனக்கு அன்றைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முன்வரிசையில் அவருடைய மகள் இருந்தாள். அவள் மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். மேற்கொண்டு படிக்க ஆசைப்பட்ட பெண். அவளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதாகப் பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

அதற்குப் பிறகு சில நாள் நான் குற்றாலம் பக்கமே போகவில்லை. ஆனால் தோடு பொறுக்க வேண்டுமே. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று ஒரு காலையில் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெருவுக்குள் நுழையும்போதே மூக்கில் ஏறியது. கிராம்பு. சாதாரண வாசமில்லை, கண்ணைக் கரிக்கிற அளவு. அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் குப்பிகளை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், அண்ணாச்சி பேப்பரு எப்படி மணக்குது பாத்தியளா? எங் குப்பி எண்ணெய் வாசமே அடிபட்டுப் போச்சு. அருவிக்கரை வரைக்கும் அடிக்குதுல்லா. செம பவரு!"

எனக்கு ஒரு சந்தேகம். கடையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கச் சந்துக்குப் போனேன். சமையல்கட்டின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அல்வா கிண்டுகிற பெரிய அடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே கொடி கொடியாகக் காகிதம் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர்க்காரர்கள்தான் இதைச் செய்வார்கள். சாரல் மாதத்தில் அடுப்புக்கு மேலே கொடி கட்டாத வீடு இந்தப் பக்கம் கிடையாது. பள்ளிக்கூடச் சீருடை, வேட்டி, துண்டு, உள்பாவாடை எல்லாம் அடுப்புச் சூட்டில்தான் காயும். அண்ணாச்சியும் அவர் மச்சினனும் சீசனில் தோடு கிடைத்ததும் வேலையை ஆரம்பித்திருக்கிறார்கள். டின்னில் அடைத்து வைத்து வெயில் காலத்தில் செய்ய வேண்டும் என்று போனில் பிடித்த படத்தில் எங்கே இருக்கும்? சாரலில் நிழலில் போட்டால் காகிதம் காயுமா? காயவில்லை. காயாததை என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவே மாட்டார்கள். கை தானாக அடுப்புக்கு மேலே கொடி கட்டியிருக்கும்.

கிராம்பு எண்ணெய் பறக்கிற எண்ணெய். சூடு காட்டினால் நிற்காது. பொட்டலத்துக்குள் இருக்க வேண்டிய மருந்து அத்தனையும் ஜன்னல் வழியாக இறங்கித் தெருவில் போய்க்கொண்டிருந்தது. கொடியில் தொங்கியது கஞ்சி போட்ட வெறும் காகிதம். ஊரே மூக்கை உறிஞ்சிப் பாராட்டிக்கொண்டிருந்தது.

நான் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னேன். நன்றாக மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். கூட்டத்தில் பட்ட அவமானத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நெஞ்சு கொஞ்சம் குளிர்ந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது அவர் கடையிலேயே ஒரு பெட்டி பர்பி வாங்கிக்கொண்டேன்.

அதிலிருந்து ஒரு துண்டை அவர் காகிதத்தோடும், ஒரு துண்டை என் காகிதத்தில் மாற்றிச் சுற்றியும், அடுப்படி அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். காலையில் எழுந்ததும் சாமி கும்பிடுவதற்கு முன்னால் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். ஒரு காலையில் அவர் பொட்டலத்தைப் பிரித்தால், ஓரத்தில் பச்சையாக, பொடிப்பொடியாக, அழகாகப் பூத்திருந்தது. என்னுடையது வைத்தது வைத்தபடி இருந்தது. அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

"இன்னைக்கு என்ன விசேஷம்?" என்றார் என் வீட்டுக்காரர். சொன்னேன். அவருக்குப் பாயசம் இறங்கவில்லை.

"போய் ஒரு வார்த்தை சொல்லிரு. நாலு பேரு திங்கிற சாமான்."

"பூசணம் கண்ணுக்குத் தெரியும். கண்ணு இருக்கவன் திங்க மாட்டான். நீங்க குடிங்க."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டுமே. பொன்னாடை போர்த்திக்கொண்டவருக்கு நான் எதற்குப் பாடம் நடத்த வேண்டும்? முதல் தடவை நடத்தின பாடத்துக்கே குருதட்சிணை வந்து சேர்ந்துவிட்டது.

சீசன் கூட்டத்தில் பர்பி வாங்கின அன்றைக்கே தின்று தீர்க்கிறவர்கள்தான் அதிகம். அதனால் கடைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஒன்றிரண்டு பேர் போன் செய்து திட்டினபோதும், "ஈரக் கையோட தொட்டிருப்பீங்க" என்று சொல்லிச் சமாளித்தாராம். என் பொறுமை குறைந்துகொண்டே வந்தது. அப்போதுதான் ஆடிக் கடைசியில், வெற்றிலை பாக்குத் தட்டோடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு அண்ணாச்சி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என்ன தைரியம் பாருங்கள்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதிய டீச்சர். உங்க ஸ்டூடண்ட் கல்யாணம், நீங்க வரலன்னா எப்படி? தாம்பூலப் பையில நம்ம பர்பிதான். கல்யாண நேரத்துல கையோடாதுன்னு இப்பமே சுத்திக் கட்டி வச்சாச்சு. நம்ம பேப்பர் இருக்கும்போது என்ன பயம்?"

நம்ம பேப்பராம். என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது: அண்ணாச்சி, அந்தக் கட்டைப் பிரித்துப் பாருங்கள், கொடி அடுப்புக்கு மேலே இருக்கிறது. அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். டீச்சர், பேப்பர் சரியாத்தான் இருக்கா என்று ஒரே கேள்வி. கேட்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த என் பட்டமளிப்புப் படத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் என் வாய் மூடிக்கொண்டது.

"காபிக்கு இன்னும் கொஞ்சம் சீனி போடட்டுமா அண்ணாச்சி?" என்றேன்.

கல்யாணம் தென்காசியில், பெரிய மண்டபத்தில். ஆவணி பிறந்தும் சாரல் விட்டபாடில்லை. மாப்பிள்ளை வீட்டார் கரிசல்காட்டுத் திருவேங்கடத்துக்காரர்கள்; மானாவாரிச் சீமையிலிருந்து வந்தவர்களுக்கு மழையைப் பார்த்ததே பாதிக் கல்யாணம். நான் இருந்ததிலேயே நல்ல பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். தாலி கட்டினதைப் பார்த்தேன், வயிறாரச் சாப்பிட்டேன். வெளிவாசல் பக்கம் தாம்பூலப் பை அடுக்கியிருந்த மேஜைக்குப் பார்வை படுகிற மாதிரி ஒரு நாற்காலியைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்துகொண்டேன்.

மாப்பிள்ளையின் அத்தைதான் முதலில் பிரித்தார். பையை வாங்கி, தேங்காயைத் தட்டிப் பார்த்து, பர்பிப் பொட்டலத்தை அங்கேயே திறந்தார்.

"ஏ ஆத்தி! என்னய்யா இது, பச்சப் பசேல்னு கெடக்கு!"

இன்னொருவர் பிரித்தார். அதற்குள்ளும் பச்சை. மேஜையைச் சுற்றி ஆள் கூடிவிட்டது. பொட்டலம் பொட்டலமாகப் பிரிந்தது. சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர், "பொண்ணு வீட்டு மரியாதை பிரமாதம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். அண்ணாச்சி ஓடி வந்தார். முகம் வெளிறி, வேட்டி நழுவுவதுகூடத் தெரியாமல் நின்றார். நான் எழுந்து நின்று நன்றாகப் பார்த்தேன். மனசு நிறைந்துபோனது. அப்போதுதான் அவர் கண்ணில் நான் பட்டேன்.

"இந்தா நிக்காங்கல்லா, இவங்கதான்! இது டீச்சர் செஞ்ச பேப்பர்! இவங்க வழிமுறைய நம்பித்தான் சுத்துனேன். பாருங்கய்யா, அந்தக் கையப் பாருங்க! எம் பிள்ள கல்யாணத்தக் கெடுத்துட்டாங்களே!"

நான் கேட்க ஆசைப்பட்ட பேச்சு. நாலு பேர் என்ன, மண்டபமே கேட்டது. மணக்கும்போது அவருடைய காகிதம், நாறும்போது என்னுடையது. கறை படிந்த என் இரண்டு கையையும் எல்லோரும் பார்த்தார்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அடுப்பு, ஆவி, நிழல் என்று நான் என்னத்தைச் சொன்னாலும் அந்த நேரத்தில் அது சமாளிப்பாகத்தான் கேட்கும். பழி வாங்க வந்த இடத்தில் பழியைச் சுமந்துகொண்டு நின்றேன்.

ஒலிபெருக்கி கிரீச்சிட்டது. மேடையில் மணப்பெண் மைக்கைக் கையில் எடுத்திருந்தாள். மாலை கழுத்தை அழுத்த, கொஞ்சம் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, அது மேமோட பேப்பர் இல்ல. மேமோட பேப்பர் இப்படிப் பூசணம் பிடிக்காது. அத நாங்க லேப்ல வச்சே பாத்திருக்கோம். இது உங்க பேப்பர். உங்க சொந்தக் கண்டுபிடிப்பு. நீங்கதான அதுக்குப் பொன்னாடை வாங்குனீங்க?"

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். அவரைத் தொடர்ந்து அத்தை, பிறகு சம்பந்திகள், கடைசியில் அண்ணாச்சியின் சொந்தக்காரர்களே. வியாபாரிகள் கூட்டத்தில் என்னைப் பார்த்துச் சிரித்த ஆட்கள் சிலரும் அதில் இருந்தார்கள். அண்ணாச்சி ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார். அவர் வாயிலிருந்து "டீச்சர் செஞ்ச பேப்பர்" என்று வந்தபோது செத்துப்போன உயிர், "மேமோட பேப்பர் இல்ல" என்று அவள் சொன்னதில் எனக்குத் திரும்பி வந்தது.

அன்பளிப்புப் பொட்டலத்தோடு மேடை ஏறினேன். கூட்டம் விலகி எனக்கு வழிவிட்டது. அவள் குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் மருதாணி, என் கையில் மங்குஸ்தான்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கடை மாடியிலதான மேம் என் ரூமு. அடுப்பு மேல கொடி கட்டுன அன்னைக்கே தெரியும். வாசம் முழுசும் ரூமுக்குள்ள இருந்தா பேப்பர்ல என்ன இருக்கும்? நீங்க சொல்லிக் குடுத்ததுதான?"

அப்படியென்றால் இவளும் அந்த மாதம் முழுக்க அந்த வாசத்தை மூச்சிழுத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். தன் கல்யாணத்துக்குத்தான் அந்தப் பர்பி என்று தெரிந்தே படுத்திருக்கிறாள்.

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"எம்.எஸ்சி. சேருதேன்னு கேட்டேன் மேம். 'படிச்ச டீச்சரே தோடு பொறுக்குதா, நீ படிச்சு என்னத்தப் பொறுக்கப் போற'ன்னாரு. அதுக்கப்புறம் நான் அவர்கிட்ட எதுவும் சொல்லுததில்ல." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க ஏன் மேம் சொல்லல?"

"உங்கப்பா எங்கிட்ட கேக்கவே இல்லையே."

அவள் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டாள்.

"எங்கிட்டயும்தான் மேம் எதையும் கேக்கல."

போட்டோக்காரர் எங்கள் இரண்டு பேரையும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார். சிரித்தோம்.